விமானத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கக் கூச்சப்படாதீர்கள்

ரயிலில் போகும்போது டிபன் பாக்ஸைத் திறக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. எழும்பூரில் வண்டி கிளம்பித் தாம்பரம் தாண்டுவதற்குள் பாதிப் பெட்டியில் பொட்டலம் பிரிந்திருக்கும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் மணக்கும், எதிர் சீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு போகும். அதே குடும்பம் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது மட்டும் டப்பாவைப் பையின் அடியில் ஒளித்து வைக்கிறது. இரண்டு வாண்டுகளோடு டெல்லிக்குக் கிளம்பிய என் நாத்தனார்கூடக் கேட்டாள்: "அண்ணி, பிளைட்ல டிபன் பாக்ஸைத் திறந்தா ஏதாவது சொல்லுவாங்களா? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், குழந்தையின் வயிறுதான் முக்கியம். 2003-ல் ஏர் டெக்கன் பறக்கத் தொடங்கியதிலிருந்து நம் நாட்டு மலிவு விலை விமானங்களின் கணக்கே இதுதான்: டிக்கெட்டில் சாப்பாடு சேராது, வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நாம் கொடுத்த பணத்தில் சாப்பாட்டுக் காசு இல்லவே இல்லை, அப்புறம் வீட்டிலிருந்து கொண்டு போவது எப்படிக் கஞ்சத்தனம் ஆகும்?

மூன்று மணி நேரம்கூட ஆகாத பயணத்துக்கு எதற்கு இவ்வளவு மூட்டை என்று பெரியவர்கள் கேட்பார்கள். பறக்கிற நேரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். காலை 8 மணி டெல்லி விமானம் என்றால் தாம்பரத்தில் இருக்கிற குடும்பம் நாலரைக்கே பிள்ளைகளை எழுப்ப வேண்டும், ஆறு மணிக்கு விமான நிலையம், அப்புறம் பெட்டி போடுகிற வரிசை, சோதனை வரிசை, கேட் அருகே காத்திருப்பு, பதினொரு மணிக்கு அங்கே இறங்கி, பெட்டி வந்து, வண்டி பிடித்து வீடு சேரும்போது பகல் பன்னிரண்டரை. முழுதாக எட்டு மணி நேரம். அதற்குள் இரண்டு வயதுக் குழந்தைக்கு மூன்று முறையாவது பசிக்கும், அதுவும் நாம் நினைக்கிற நேரத்தில் பசிக்காது. விமானத்தில் விற்பனை வண்டி வருவது சீட் பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்த பிறகுதான், அது ஒவ்வொரு வரிசையாக நின்று பின்னால் வந்து சேர்வதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்திருக்கும். வருவதும் பெரும்பாலும் மசாலா முந்திரி, குளிர்ந்த சாண்ட்விச், வெந்நீர் ஊற்றுகிற கப் உப்புமா மாதிரி பெரியவர்கள் தின்கிற ஐட்டங்கள். புது ருசி என்றால் வாயையே திறக்காத வயதில் அதை வாங்கி என்ன செய்வது.

என்ன கொண்டு போகலாம்? எங்கள் வீட்டில் முதல் இடம் மினி இட்லிக்குத்தான். நெய்யோ நல்லெண்ணெயோ தடவி, காரம் குறைத்த பொடியில் புரட்டி எடுத்தால் கையில் ஒட்டாது, சிந்தாது, ஆறினாலும் மெத்தென்று இருக்கும், குழந்தையே எடுத்துச் சாப்பிடும். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் தடவிச் சுருட்டிய சப்பாத்தி. தயிர் சாதம் பிடித்த பிள்ளை என்றால் விடியற்காலையில் குழைந்த சாதத்தில் பாலை நிறைய விட்டு ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து வையுங்கள், சாப்பிடுகிற நேரத்துக்குப் புளிக்காமல் சரியாக இருக்கும். தேங்காய்ச் சட்னி, சாம்பார் வேண்டவே வேண்டாம், ஒன்று கெட்டுப்போகும், இன்னொன்று கொட்டும். ரிப்பன் பக்கோடாவும் முறுக்கும் நொறுங்கி சீட் முழுக்க விழும், ஆனால் பொழுது போகும், அதனால் சின்ன டப்பாவில் கொஞ்சமாக. கருவாட்டுத் தொக்கு, வேகவைத்த முட்டை, பூண்டு தூக்கலான எதையும் மூடிய விமானத்துக்குள் எடுத்துப்போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கு எழுந்து போக இடம் கிடையாது.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். நாலைந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு உப்புச்சீடை, வறுத்த வேர்க்கடலை, முழு முந்திரி, பாப்கார்ன், கெட்டியான மிட்டாய் எதையும் விமானத்தில் கொடுக்காதீர்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொண்டு போங்கள். விமானம் குலுங்குகிற நேரத்தில், சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் தின்கிற குழந்தையின் தொண்டையில் உருண்டையாக ஒன்று அடைத்தால், 35,000 அடி உயரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியாது. பாட்டி ஆசையாகச் செய்து கொடுத்த சீடையாக இருந்தாலும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு பெரிய பிள்ளைகள் தின்னட்டும்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இருக்காது, 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கிற அளவுக்குக் குறைத்து வைப்பார்கள், கிட்டத்தட்ட ஊட்டி உயரம். சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் உப்பிக்கொள்வது அதனால்தான். இறங்கும்போது அழுத்தம் மறுபடியும் அதிகமாகும், காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது, சீக்கிரம் திறக்காது, அதனால்தான் தரையிறங்குகிற நேரத்தில் அவ்வளவு அழுகை. விழுங்கினால் அந்தக் குழாய் திறக்கும். ஆகவே பிள்ளைக்கு ரொம்பப் பிடித்ததை முதலிலேயே காலி செய்துவிடாமல், இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் எடுங்கள். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுங்கள், ஸ்ட்ரா வைத்துக் குடிக்கிற பிள்ளைக்குத் தண்ணீர். தூங்குகிற குழந்தை அவ்வளவாக விழுங்காது, பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்த நேரத்தில் எழுப்பிவிடுவது நல்லது.

அந்த ஸ்ட்ரா பாட்டிலிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கீழே இறுக்கி மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று மேலே விரிந்திருக்கும், அப்படியே ஸ்ட்ராவைத் தூக்கினால் தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடிக்கும். முதலில் மூடியைக் கொஞ்சம் திருகிக் காற்றை விட்டுவிட்டு, அப்புறம் கொடுங்கள். பாட்டிலைக் காலியாகக் கொண்டு போய், சோதனை முடிந்து உள்ளே குழாயில் நிரப்பிக்கொண்டால் வாக்குவாதமே இல்லை. விமானத்துக்குள் காற்று ரொம்ப வறண்டிருக்கும், சும்மா உட்கார்ந்திருந்தாலே தாகம் எடுக்கும். வெளிநாட்டுப் பயணம் என்றால் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும், தயிரும் ஜாமும் அந்தக் கணக்கில் சேரும். குழந்தையின் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் பயணத்துக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு.

சோதனையில் நேரம் போகாமல் இருக்கச் சாப்பாட்டு டப்பாக்களை ஒரே துணிப்பையில் போட்டு மேலாக வையுங்கள், கேட்டால் சட்டென்று எடுத்துக் காட்டலாம். பழம் நறுக்கும் கத்தி கூடாது, வீட்டிலேயே நறுக்கிவிடுங்கள். கொப்பரைத் தேங்காயைக் கைப்பையிலும் போடக் கூடாது, பெட்டியிலும் போடக் கூடாது, எண்ணெய்ச்சத்து மிகுந்த அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. ஊருக்குப் போகும்போது பெரியவர்கள் பாசத்தோடு பையில் திணிப்பது பெரும்பாலும் அதைத்தான், ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நமக்குத் தேவை என்று நினைக்கிற அளவுக்கு மேல் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலிலும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். மழை இல்லாத நாளிலும், டெல்லியில் பனிமூட்டம் என்றால் இங்கே காத்திருக்க வேண்டியதுதான். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரையான பயணம் 2 மணி நேரம் தாமதமானால், அதற்கு மேல் 5 மணி நேரம் வரையான பயணம் 3 மணி நேரம் தாமதமானால், விமான நிறுவனம் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும். கேட்டு வாங்குங்கள், அது உரிமை. ஆனால் குழந்தைக்கு அந்த இரண்டு மூன்று மணி நேரம் பொறுக்கத் தெரியாது. விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு ஓடுபாதைக்காக நிற்கிற நேரத்தில் விற்பனை வண்டியும் அசையாது. பெரியவர்களுக்கு, சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025-ல் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் 10 ரூபாய்க்கு டீயும் 10 ரூபாய்க்குத் தண்ணீரும் கிடைக்கும்.

சிங்கப்பூர், மலேசியா பக்கம் மலிவு விலை விமானத்தில் போகிறவர்கள் மட்டும் டிக்கெட் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள், வெளிச் சாப்பாட்டை உள்ளே சாப்பிடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிற நிறுவனங்களும் உண்டு. கைக்குழந்தை உணவுக்கு வழக்கமாக விலக்கு கொடுப்பார்கள், ஏறுவதற்கு முன்பே கேட்டுத் தெளிவாகிவிடுங்கள். மிஞ்சியதை இறங்கும் நாட்டுக்குள் கொண்டு போவது வேறு கதை. சிங்கப்பூருக்குள் இங்கிருந்து இறைச்சி கொண்டு போக முடியாது, ஆஸ்திரேலியாவில் ஒரு முறுக்கு இருந்தாலும் படிவத்தில் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதாவிட்டால் அபராதம். அங்கே போகிறவர்கள் மிச்சத்தை விமானத்திலேயே தின்று தீர்த்துவிடுங்கள்.