டைம்லைனில் தெரியும் கோளாறும் அது தொடங்கிய இடமும்

திருமணம், கச்சேரி, பட்டிமன்றம், பள்ளி ஆண்டுவிழா ஆகியவற்றின் வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். எடிட்டிங்கைக் கலையாகப் பேசுவோர் வெட்டைப் பற்றியும் வண்ணத்தைப் பற்றியும் பேசுவார்கள். எங்களைப் போன்ற சிறிய ஸ்டுடியோக்களிலோ, ஒலி ஏன் விலகுகிறது, கிளிப் (ஒரு வீடியோத் துண்டு) ஏன் திணறுகிறது, எக்ஸ்போர்ட் (தொகுத்த படத்தை முழுக் கோப்பாக்குவது) ஏன் பாதியில் நின்றது என்று தேடுவதிலேயே நாளின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. அப்படித் தேடித் தேடி எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. கோளாறு கண்ணில் படுவது எடிட்டிங் மேசையில். அது தொடங்கியதோ பெரும்பாலும் மண்டபத்தில் கேமரா ஓடிய நேரத்திலோ, கார்டிலிருந்து கோப்புகளை நகலெடுத்த நேரத்திலோதான். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது பலருக்கு முதல் மருந்தாக இருக்கிறது. எடுத்து வந்த ஃபுட்டேஜிலேயே உள்ள குறைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒலியும் படமும் ஒட்டாமல் போவதையே எடுத்துக்கொள்வோம். கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் தவில் குச்சி தோலில் படும் ஃபிரேமை (வீடியோவின் ஒரு தனிப்படத்தை) நிறுத்திப் பார்த்து, ஒலி அலையில் அந்த அடி எங்கே எழும்புகிறது என்று ஒப்பிட்டால் விலகல் எத்தனை ஃபிரேம் என்று தெரிந்துவிடும். அதே சோதனையைக் கிளிப்பின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் செய்ய வேண்டும். மூன்று இடங்களிலும் விலகல் ஒரே அளவாக இருந்தால், கிளிப்பைச் சற்றே நகர்த்தினால் போதும். போகப்போகச் சீராகக் கூடிக்கொண்டே போனால், வேகக் கணக்கில் எங்கோ பிசகு இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று குதித்தால், அங்கே ஃபிரேம்கள் விடுபட்டிருக்கின்றன அல்லது இரண்டு கோப்புகளின் இணைப்பு இருக்கிறது. இந்த மூன்றில் எது என்று முடிவு செய்யாமல் ஒலியை அங்குமிங்கும் இழுத்துக்கொண்டிருப்பவருக்கு விடிய விடிய வேலை இருக்கும்.

சீராகக் கூடும் விலகலுக்கு இன்று முதல் காரணம் கைபேசி. பல கைபேசிகள் விநாடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டாலும், வெளிச்சம் குறையும்போது வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. கோப்பு மாறும் ஃபிரேம் ரேட்டில் பதிவாகிறது. எடிட்டிங் மென்பொருளோ நிலையான ஃபிரேம் ரேட்டை எதிர்பார்க்கிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால், ஃபிரேம் ரேட் நிலையானதா மாறுவதா என்று ஒரே வரியில் சொல்லிவிடும். மாறுவது என்றால், கோப்பு மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே டைம்லைனுக்குள் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பகுதிக்குள்) அனுமதிக்கிறேன். 29.97 ஃபிரேமில் எடுத்த கிளிப்பை 30 என்று கொள்வதும் இதே வகைதான்; வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றாலும், ஒரு மணி நேரத்தில் அது 3.6 விநாடியாக வளர்ந்துவிடும்.

கச்சேரிப் பதிவில் வரும் விலகல் இன்னும் நுட்பமானது. மிக்ஸரிலிருந்து தனி ரெக்கார்டரில் ஒலியை எடுக்கிறோம். ரெக்கார்டரும் கேமராவும் 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) என்றே காட்டினாலும் இரண்டின் உட்கடிகாரங்களும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல ஓடுவதில்லை. அதனால் ஒரு மணி நேரத்தில் இரண்டு ஃபிரேம் அளவுக்கு விலகக்கூடும். வேகத்தை மாற்றிச் சரிசெய்யலாமே என்று தோன்றும். ஆனால், வேகத்தை இரண்டு தசம இடங்கள் வரை மட்டுமே ஏற்கும் மென்பொருளில் மிகச்சிறிய மாற்றம் 0.01 சதவீதம். ஒரு மணி நேரத்துக்கு அது 360 மில்லி விநாடி. 25 ஃபிரேம் டைம்லைனில் ஒன்பது ஃபிரேம். இரண்டு ஃபிரேம் நோய்க்கு ஒன்பது ஃபிரேம் வைத்தியம் உதவாது. ஆகவே கீர்த்தனை முடிந்து கைதட்டல் எழும் இடத்தில் ஒலியை வெட்டி, ஒரு ஃபிரேம் மட்டும் நகர்த்தி, மேலே ஒரு சிறு கிராஸ்ஃபேடு (ஓர் ஒலி மெல்லத் தணிய அடுத்தது எழும் இணைப்பு) போட்டுவிடுகிறேன். கைதட்டலுக்குள் நடந்த அந்தத் தையலைப் பாடியவரே கண்டுபிடிக்க முடியாது.

திடீரென்று குதிக்கும் விலகல் பழைய கேம்கார்டர் வேலைகளில் அடிக்கடி வரும். ஏவிசிஎச்டி என்ற கேம்கார்டர் வடிவத்தில் பதிவு செய்யும் கேமராக்கள் நீண்ட காட்சியை ஒரே கோப்பாக வைப்பதில்லை. கார்டின் ஃபைல் சிஸ்டம் ஒரு கோப்புக்கு விதிக்கும் வரம்புக்குள் அடங்குமாறு துண்டு துண்டாகவே எழுதும். துண்டுகள் எப்படித் தொடர்கின்றன என்ற தகவல் பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கிறது. உதவியாளர்கள் இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து, ஸ்ட்ரீம் ஃபோல்டரில் உள்ள எம்டிஎஸ் என்ற வீடியோக் கோப்புகளை மட்டும் எடுத்து, அவற்றுக்கு ‘மாலை மாற்றல்’, ‘ஊஞ்சல்’ என்று அழகாகப் பெயரும் சூட்டிக் கொண்டுவருவார்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் ஒலி ஒரு கணம் அறுந்து போகும். கார்டின் ஃபோல்டர் அமைப்பு முழுவதையும் அப்படியே நகலெடுத்து, மென்பொருளின் மீடியா பிரவுசர் வழியாக உள்ளே கொண்டுவந்தால் துண்டுகள் ஒரே கிளிப்பாகச் சேர்ந்துவிடும். கார்டை ஃபார்மட் செய்த பிறகு இந்த அறிவு வந்து பயனில்லை என்பதால், முழு நகல் இரண்டு டிரைவுகளில் ஏறி, ஆங்காங்கே ஓட்டிப் பார்க்கும்வரை எங்கள் ஸ்டுடியோவில் எந்தக் கார்டையும் யாரும் அழிக்கக் கூடாது.

டைம்லைன் திணறுவதாகச் சொல்பவர்கள் உடனே ரேமைக் கூட்டுகிறார்கள். ஆனால் எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகளில் பதிவான கோப்புகளில் எல்லா ஃபிரேம்களும் முழுப்படமாக இருப்பதில்லை. முன்பின் ஃபிரேம்களைக் கொண்டு மற்றவற்றைக் கணித்தே காட்ட வேண்டும். அதிலும் நிறத் தகவல் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2 ஃபுட்டேஜ் என்றால், விலை கூடிய கிராஃபிக்ஸ் கார்டுகளில்கூடப் பலவற்றுக்கு அதை வன்பொருளில் விரிக்கும் வசதி இல்லாமல், சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். இன்டெலின் 11ஆம் தலைமுறை முதல் குவிக் சிங்க் (வீடியோவை விரிக்கும் தனிப் பகுதி) உள்ள பிராசஸர்களில் எச்.265 வகை 4:2:2 எளிதாக ஓடுகிறது. அந்த வசதி இல்லாதவர்கள் 720 வரியளவில் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் இலேசான நகல்) தயாரித்துக்கொண்டு வேலை செய்வதே நல்லது. இரவில் ப்ராக்ஸிக்குப் போட்டுவிட்டுப் போனால் காலையில் தயாராக இருக்கும்.

‘மீடியா ஆஃப்லைன்’ என்று திரை முழுவதும் சிவப்பாக வருவது பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும், வெளி டிரைவுக்குக் கணினி தரும் எழுத்து (D, E போன்றது) மாறியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்தால் தீர்ந்தது. குழல்விளக்கின் கீழ் படத்தில் ஓடும் பட்டைகள் அப்படிப்பட்டவை அல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைக்காமல் 1/60இல் எடுத்துவிட்டு வந்தால், எடிட்டிங்கில் அவற்றைக் கொஞ்சம் மங்கச் செய்யலாம், நீக்க முடியாது. இதைக் கேமராமேன்களிடம் ஒவ்வொரு சீசனிலும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

தமிழ் டைட்டில் தனிக்கதை. கல்யாணப் பத்திரிகை அச்சடித்த அச்சகத்திலிருந்து வரும் பெயர்கள் இன்னமும் பல நேரம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடு எழுத்துருவுக்கு மாற்றியதும் மாப்பிள்ளையின் பெயர் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் காட்சியளிக்கும். என்கோடிங் மாற்றியில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும். யுனிகோடிலேயே தட்டச்சு செய்தும் ‘செல்வி’யின் ஒற்றைக்கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துருவைக் குறை சொல்லக் கூடாது. கொம்பு கணினியில் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டியது மென்பொருளின் எழுத்து இயந்திரம். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிராஃபிக்ஸ் அமைப்புகளுக்குள் போய், தெற்காசிய மொழிகளுக்கான இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

எக்ஸ்போர்ட் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நின்றால், அந்த டைம்கோடில் உள்ள கிளிப்பையோ எஃபெக்டையோ சந்தேகிக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால், கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தையும் வட்டின் மிச்ச இடத்தையும் பார்க்கிறேன். முதல் வகையில் டைம்லைனை இரண்டு பாதியாக்கித் தனித்தனியே எக்ஸ்போர்ட் செய்து, நிற்கும் பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போனால், குற்றவாளிக் கிளிப் விரைவில் அகப்பட்டுவிடும்.

எல்லாம் முடிந்து பென்டிரைவில் கொடுக்கும்போதும் ஒரு தடை உண்டு. விநாடிக்கு 20 மெகாபிட் அளவில் இரண்டு மணி நேரப் படம் ஏறத்தாழ 18 ஜிபி வரும். எஃப்ஏடி32 என்ற ஃபைல் சிஸ்டத்தில் உள்ள பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. பெரிய கோப்புகளை ஏற்கும் எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் வாடிக்கையாளர் வீட்டுப் பழைய டிவி அதைப் படிக்காமல் போகலாம். அதனால் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், ரிசப்ஷன் என்று பிரித்து, எந்தக் கோப்பும் 28 நிமிடத்தைத் தாண்டாதபடி கொடுக்கிறோம். நீளும் முகூர்த்தத்தைத் தாலி கட்டும் காட்சியிலிருந்து தள்ளி, அட்சதை தூவி முடிந்த பிறகு வரும் ஆசீர்வாத இடைவெளியில் இரண்டாகப் பிரிக்கிறோம்.