பஞ்சர் கணக்கு

அக்டோபர் 14, 2024, திங்கள்

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்கு சைக்கிளைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, ஹேண்டில்பாரில் சாமந்திச் சரம் சுற்றி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினேன். இன்று காலை பள்ளிக்கரணைகூடத் தாண்டவில்லை, பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

மேடவாக்கம் வீட்டிலிருந்து தரமணி ஆபீஸுக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். ஆகஸ்ட் மாதத்திலிருந்து கணக்குப் போட்டால் இது ஐந்தாவது பஞ்சர். ஐந்தும் பின் சக்கரம்தான். வழக்கமான பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பெரியவர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, வட்டிக்கு விட்ட காசை வசூல் பண்ண வர்ற மாதிரி வாராவாரம் வர்றியே!"

வசூல் பண்ணியது அவர்தான். அறுபது ரூபாய். ஆபீஸுக்கு நாற்பது நிமிடம் லேட்.

இந்த முறை நல்ல டயராக ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். "பஸ்ல போயேன்" என்றார் இவர். இந்தப் பேச்சு ஐந்தாவது தடவை.

அக்டோபர் 16, 2024, புதன்

மழை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் ஆட்கள் காரை வரிசையாக நிறுத்திவைத்துவிட்டுப் போன படம் எல்லோருடைய போனிலும் சுற்றுகிறது. வீட்டிலிருந்தே வேலை. சைக்கிள் படிக்கட்டுக்கு அடியில்.

அக்டோபர் 22, 2024, செவ்வாய்

டயர் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "அந்த டியூப்பைக் கழட்டு, பார்ப்போம்" என்றார்.

கழற்றிக் காற்றடித்துக் கையில் மாலை மாதிரி பிடித்துக்கொண்டு, ஒட்டு போட்ட இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். முதல் இரண்டு தடவைகளும் ஒரே மாதிரி: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல், நடுவில் ஒரு விரல் இடைவெளி. பாம்பு கடித்த தடம் மாதிரியே இருக்கிறது. காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் இறங்கினால் ரிம்மின் இரண்டு விளிம்பும் டியூப்பைத் தரையோடு வைத்து நசுக்குமாம். அதில் ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. மூன்றாவது ஒட்டு டியூப்பின் உள்வயிற்றில், வால்வு இருக்கும் பக்கம். ரோட்டில் கிடப்பது எதுவும் அந்தப் பக்கம் வந்து குத்த முடியாது. ரிம்மைக் காட்டினார். உள்ளே ஓடும் ரப்பர் நாடா ஓரமாக நகர்ந்து, ஸ்போக்ஸ் கம்பியின் ஓட்டை ஒன்று வாய் திறந்து நின்றது. அதன் விளிம்புதான் அறுத்திருக்கிறது.

மீதி இரண்டும் வெளிப்பக்கம், ஊசி முனை அளவு. இரண்டுக்கும் நடுவே ஒரு அங்குலம்கூட இல்லை. அங்கே பெரியவர் கொஞ்சம் நின்றார். டப்பாவிலிருந்து பஞ்சு ஒரு துண்டு எடுத்து, டயரின் உள்பக்கம் முழுக்க மெதுவாகத் துடைத்துக்கொண்டே போனார். முக்கால் வட்டம் போனதும் பஞ்சு சிக்கி, ஒரு இழை நின்றது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. டயரை மடக்கிப் பிடித்து, குறடால் இழுத்தார். தலைமுடி கனத்தில் ஒரு இரும்புக் கம்பி, அரிசி நீளம்கூட இல்லை.

"லாரி டயர் வெடிச்சா உள்ளே இருக்கிற கம்பி பிரிஞ்சு ரோடெல்லாம் சிதறும். போன தடவை பையன் ஒட்டிட்டான், இதை எடுக்காம விட்டுட்டான். அதுவே மறுபடி குத்தியிருக்கு."

குப்பைக் கிடங்குக்கும் கட்டட வேலைக்கும் போகிற லாரிகள் இரவு பகலாக ஓடுகிற சாலை அது. கம்பிக்குப் பஞ்சம் இருக்காது.

அப்புறம் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார்: "அஞ்சுல ரெண்டு காத்து, ஒண்ணு நாடா, ஒண்ணு எங்க பையன். ரோட்டு மேல பழி ஒண்ணுதான்."

பழைய டியூப்பை நாடா மாதிரி வெட்டி ரிம்மைச் சுற்றிப் போட்டுக் கொடுத்தார். கம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலி விக்ஸ் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 5, 2024, செவ்வாய்

மீட்டர் வைத்த பம்ப் வந்துவிட்டது. இவ்வளவு நாள் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டு ஓட்டிய டயரில் மீட்டர் காட்டியது 28. டயரின் பக்கவாட்டில் 50 முதல் 75 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) என்று எழுதியிருக்கிறது. மூன்று வருஷமாக அதன் பக்கத்தில் நிற்கிறேன், படித்ததில்லை.

என் எடை 58, முதுகில் பை, டிபன் பாக்ஸ். பின்னால் 60, முன்னால் 50 வைத்திருக்கிறேன். ஓட்டம் அப்படியே மாறிவிட்டது, யாரோ பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த கையை எடுத்த மாதிரி. ஓட்டை எதுவும் இல்லாமலேயே ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசியும் என்பதால் ஞாயிறுதோறும் காலை காபிக்கு முன்னால் பம்ப் என்று வைத்துக்கொண்டேன்.

பெட்ரோல் பங்க்கில் அடித்துக்கொண்டால் என்ன என்று இவர் கேட்டார். லாரிக்கு அடிக்கிற கம்ப்ரஸர் சைக்கிள் டியூப்பை ஒரு நொடியில் வெடிக்கவைத்துவிடும். சின்ன வயதில் அப்பாவுடன் போய் அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டிருக்கிறேன். வேண்டாம்.

நவம்பர் 9, 2024, சனி

காற்று சரியானதும் பஞ்சர் நின்றுவிட்டதே, டயர் எதற்கு என்ற கேள்வி எனக்கே வந்தது. ஆனால் பின் டயரின் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் மேல் வரிகள், தேய்ந்து மொட்டையாகிவிட்டது, இரண்டு இடத்தில் வெட்டு விழுந்து உள்ளே இருக்கும் நூல் தெரிகிறது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

நாள் முழுக்கப் படித்ததில் தலை சுற்றுகிறது. காற்றே இல்லாத கெட்டி டயர் ஒன்று இருக்கிறது. பஞ்சரே ஆகாது, உண்மைதான். ஆனால் நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரின் ஒவ்வொரு குலுக்கலும் நேராக முதுகெலும்புக்கும் ஸ்போக்ஸ் கம்பிக்கும் போகும். அது வேண்டாம். டியூப்புக்குள் ஊற்றுகிற பசைத் தண்ணீர் சின்ன ஓட்டையை அடைக்கும், பாம்புக் கடியை அடைக்காது. டயருக்கும் டியூப்புக்கும் நடுவே வைக்கிற பட்டை மலிவு. ஆனால் அதன் முனையே உரசி உரசி டியூப்பை ஓட்டை போட்ட கதைகள் நிறைய. பஞ்சருக்குப் பயந்து வைத்த பட்டையே பஞ்சர் பண்ணுவதா!

எல்லோரும் சறுக்குகிற ஒரு இடத்தில் நானும் சறுக்கப் பார்த்தேன். ஒரு டயரில் 'கெவ்லர்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. ரொம்ப வலுவான செயற்கை இழை அது. விலையும் கூட. நல்லவேளை, கீழே படித்தேன். கெவ்லர் இருப்பது டயரின் ஓரத்தில், ரிம்மில் உட்காரும் விளிம்பில், இரும்புக் கம்பிக்குப் பதிலாக. அதனால் டயரைப் பாய் மாதிரி மடித்து எடுத்துப் போகலாம், எடையும் குறையும். ஆணிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பட்டனுக்கு அடியில் பட்டையாக ஓடினால்தான் நமக்குப் பிரயோஜனம்.

இதில் ஒரு வேடிக்கை. 1965-இல் டூபாண்ட் கம்பெனியில் ஸ்டெஃபனி க்வோலெக் கெவ்லரைக் கண்டுபிடித்தபோது அவர்கள் குழு தேடிக்கொண்டிருந்தது டயருக்கான இழையைத்தான். பெட்ரோல் தட்டுப்பாடு வரும் என்று எதிர்பார்த்து, கார் டயருக்கு எடை குறைந்த, வலுவான இழை வேண்டும் என்று. குண்டு துளைக்காத சட்டை பின்னால் வந்தது.

கடைசியில் இரண்டில் நிற்கிறேன். இரண்டும் ஜெர்மனியின் ஷ்வால்பே கம்பெனிக்காரர்களுடையது. மாரத்தான் என்பதில் பட்டனுக்கு அடியில் 3 மில்லிமீட்டர் ரப்பர் அடுக்கு. மாரத்தான் பிளஸ் என்பதில் 5 மில்லிமீட்டர். டப்பாவைத் திறந்து அந்தக் கம்பியை ஸ்கேல் மேல் வைத்துப் பார்த்தேன். நாலரை.

விலை நாலாயிரத்தை நெருங்குகிறது, ஒரு டயருக்கு. மூடி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரிப் பக்கம் கரை கடந்துவிட்டது. நம் தெருவில் முழங்கால் தண்ணீர், இப்போதுதான் வடிகிறது.

புதன்கிழமையே எழுத வேண்டியது, விட்டுப்போயிற்று. ஆறாவது பஞ்சர் ஆகிவிட்டது. 60 பிஎஸ்ஐ இருந்தும். கண்ணாடிச் சில்லு, பச்சை நிறம், பாட்டில் துண்டு. மழை ரோட்டிலிருக்கும் குப்பையையெல்லாம் அரித்து ஓரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது, நாம் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தான். போதாததற்கு, ஈரம் இருந்தால் கண்ணாடி ரப்பரை வழுக்கிக்கொண்டு அறுக்கும். கத்தியை நனைத்துக்கொண்டு ரப்பரை வெட்டிப் பார்த்தால் தெரியும். மொட்டை டயர் வேறு. நீரில் முக்கிப் பார்க்கத் தொட்டி தேவைப்படவில்லை, ரோடே தொட்டியாகத்தான் இருந்தது.

பின்னுக்கு மட்டும் பிளஸ் வாங்கப் போகிறேன். எடை அதிகம் இறங்குவது பின்னால்தான். போதாததற்கு, படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சக்கரம் தட்டி எழுப்ப, பின் சக்கரம் போய் ஏறுகிறது. பெரியவரின் விளக்கம் இது, ஆறுக்கு ஆறு பின் சக்கரம் என்பதால் நம்புகிறேன்.

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

இன்று முட்டாள் பட்டம். ஒரு கடையில் போய் "28 இன்ச் டயர்" என்று கேட்டு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சாதாரண டயர் ஒன்று வாங்கி வந்தேன். மாட்டினால் ரிம்மில் நிற்காமல் தொளதொளவென்று ஆடுகிறது, அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி. கடைக்காரரும் பிரித்த டயரைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டார். தப்பு என் பேரில்.

விஷயம் இதுதான். அப்பா ஓட்டிய கறுப்பு சைக்கிளும் 28, என் சைக்கிளும் 28 என்றுதான் பெயர். ஆனால் அப்பாவுடையது 28 பெருக்கல் ஒன்றரை, ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். என்னுடைய 700 பெருக்கல் 35-க்கு அது 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். இன்ச் கணக்கை நம்பவே கூடாது. டயரின் பக்கவாட்டில் 37-622 என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது அந்த விட்டம். இந்த இரண்டாவது எண் பொருந்தினால் மட்டும் காசை எடுங்கள்.

அந்த டயரைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டேன். பால்காரர் யாருக்காவது ஆகும் என்றார்.

டிசம்பர் 22, 2024, ஞாயிறு

பிளஸ் வந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன், 900 கிராம் சுமாருக்கு. கையில் எடுத்தால் டயர் மாதிரி இல்லை, செருப்புக் கடைத் தோல் மாதிரி விறைப்பு.

மாட்டப் போய் ஒரு மணி நேரம் போராட்டம். முதல் பக்கம் ஏறிவிட்டது. இரண்டாவது பக்கத்தில் கடைசி ஒரு சாண் ஏறவே மாட்டேன் என்றது. டயரை நெம்பி ஏற்றும் பிளாஸ்டிக் லிவர் ஒன்று உடைந்தது. கட்டை விரல் இரண்டும் சிவந்துவிட்டன. சைக்கிளையும் டயரையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரியவரிடம் போனேன்.

அவர் லிவரைத் தொடவே இல்லை. "நீ வால்வுக்கு எதிர்ப்பக்கம் முடிச்சிருக்கே. அங்க ஆரம்பிச்சு வால்வுல முடிக்கணும்." விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். அப்புறம் இரண்டு கையாலும் டயரைச் சுற்றி அமுக்கிக்கொண்டே வந்தார். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, விளிம்பு அந்தப் பள்ளத்தில் இறங்கினால்தான் எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்குமாம். மூன்று சுற்று அமுக்கியதும் வால்வு பக்கம் விளிம்பு 'டுப்' என்று உள்ளே விழுந்தது. நான் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியது முரட்டுத்தனத்தோடு, அவர் இரண்டு நிமிடத்தில் முடித்தது ஒரு பள்ளத்தை வைத்து.

டயரில் கம்பெனி பெயர் இருக்கும் இடத்தை வால்வுக்கு நேராக வைக்கச் சொன்னேன். டியூப்பில் ஓட்டை தெரிந்தால் டயரில் எந்த இடம் என்று உடனே கண்டுபிடித்துவிடலாம் என்று படித்திருந்தேன். "இதெல்லாம் நல்லாத்தான் படிக்கிறே" என்றார். டயரை ஒரு கோணி ஊசியால் குத்திப் பார்க்கலாமா என்றும் கேட்டார். கெஞ்சித் தடுத்தேன்.

ஜனவரி 6, 2025, திங்கள்

கனம் தெரிகிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது சைக்கிள் கொஞ்சம் யோசிக்கிறது. வேகம் எடுத்துவிட்டால் தெரியவில்லை. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு முன்பைவிட மூன்று நிமிடம் கூட ஆகிறது. பந்தயத்துக்குப் போகிறவர்கள் இதைத் தொட வேண்டாம். எனக்கு மூன்று நிமிடம் பரவாயில்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும்போது மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் வரிசையாக. குளிர்காலத்துக்கு வந்திருக்கின்றன. ஷ்வால்பே என்றால் ஜெர்மன் மொழியில் அந்தக் குருவிதான் என்று நேற்றுதான் தெரிந்தது. அத்தனை கனமான டயருக்கு இத்தனை சின்னக் குருவியின் பெயர்.

மார்ச் 12, 2025, புதன்

பம்ப் அடிக்கும் ஞாயிறுகளில் டயரைச் சுற்றிப் பார்த்து, மாட்டியிருப்பதை ஊக்கால் நோண்டி எடுப்பது பழக்கமாகிவிட்டது. விட்டால் அது ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். பஞ்சர் என்பது பல சமயம் நேற்று ஏறிய ஆணியால் இன்று ஆவதுதான்.

போன ஞாயிறு ஒரு பொடி ஆணி. தலை மட்டும் மின்னியது. இழுத்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் வரவில்லை. எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன், குமிழி இல்லை. டப்பாவில் இப்போது ஒன்பது: கம்பி நாலு, கண்ணாடி மூன்று, ஆணி ஒன்று, சீமைக் கருவேல முள் ஒன்று. முள் முன் சக்கரத்திலிருந்து, அதில் பழைய டயர்தான். அங்கே பஞ்சர் ஆயிற்று. நானே ஒட்டினேன், உப்புத்தாள், சொல்யூஷன் எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்.

பெரியவர் கடைப் பக்கம் போய் ரொம்ப நாளாயிற்று. நாளைக்குக் காற்றடிக்கும் சாக்கிலாவது நிற்க வேண்டும்.

மே 20, 2025, செவ்வாய்

காலையில் கீழே வந்தால் பின் சக்கரம் தட்டை. வயிறு கலங்கிவிட்டது, ஓட்டைக்காக இல்லை, அந்த டயரைக் கழற்ற வேண்டுமே என்று.

கழற்றுவதற்கு முன்னால் காற்றடித்துப் பார்ப்போம் என்று பம்ப்பை எடுத்து வந்தேன். வால்வு மூடியைக் காணோம். குனிந்து தேடினால், தூணுக்குப் பின்னால் வாட்ச்மேன் தாத்தாவின் பேரன். ஊரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான், ஐந்து வயது. கையில் தீக்குச்சி. மூடி இன்னொரு கையில்.

"அமுக்குனா புஸ்ஸுன்னு வருது ஆன்ட்டி" என்றான்.

மூடியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பம்ப் அடித்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் எண்ணினான். இருபத்தொன்பதுக்கு அப்புறம் தெரியவில்லை, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.