பத்து வருடம் கழித்து வந்த வரி: லோன் சார்ஜை எதிர்த்து அலைந்த அனுபவம்

2018 மே மாதம் வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. 2008 அக்டோபரிலிருந்து 2012 மார்ச் வரை நான் வாங்கிய "கடன்" பற்றியது. இங்கிலாந்தில் ஐ.டி. காண்ட்ராக்டராக இருந்த நம்மவர்கள் பலருக்கு இந்தக் கடிதம் வந்திருக்கிறது. ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் நான் ஒரு அம்பர்லா கம்பெனி (காண்ட்ராக்டர்களைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் கொடுக்கும் இடைநிறுவனம்) வழியாக வேலை பார்த்தேன். பே-ஸ்லிப்பில் குறைந்தபட்சக் கூலியை ஒட்டி ஒரு சின்னச் சம்பளம் இருக்கும். மீதிப் பணம் ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த ஓர் அறக்கட்டளையிலிருந்து "கடன்" என்ற பெயரில் வங்கிக் கணக்குக்கு வரும். கடன் வருமானம் இல்லை, அதனால் வரியும் இல்லை என்பதுதான் கணக்கு. திருப்பிக் கேட்கவே மாட்டார்கள் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். மூத்த வழக்கறிஞரின் சட்டக் கருத்து இருக்கிறது, எல்லாம் சட்டப்படிதான் என்றும் சொன்னார்கள். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் அதில்தான் இருந்தார்கள். நான் இன்னும் துருவிக் கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்றும் உண்டு.

2016 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்து, 2017 நிதிச் சட்டத்தில் லோன் சார்ஜ் என்ற வரியைக் கொண்டுவந்தார்கள். 1999 ஏப்ரல் 6-க்குப் பிறகு இப்படி வாங்கிய கடன் எதுவாக இருந்தாலும், 2019 ஏப்ரல் 5 அன்று திருப்பிக் கட்டாமல் நின்றால், மொத்தத்தையும் அந்த ஒரே ஆண்டின் வருமானமாக எடுத்துக்கொள்வார்கள். சாதாரணமாகப் பழைய கணக்கைத் திறக்க வரித்துறைக்கு நான்கு வருடம்தான் கெடு. அஜாக்கிரதை என்றால் ஆறு, வேண்டுமென்றே மறைத்தால் இருபது. இந்தச் சட்டம் வந்ததும் எங்கள் விஷயத்தில் அந்தக் கெடு எதற்கும் அர்த்தமில்லாமல் போனது.

முதல் காரியமாக எங்கள் தொகுதி எம்.பி.க்கு நான்கு பக்கத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. இது முன்தேதியிட்ட வரி இல்லை, வரப்போகும் ஒரு தேதியில் நிலுவையில் இருக்கும் கடன்மீது போடும் வரி என்று அதில் இருந்தது. வேறு தொகுதியில் இருக்கும் நண்பருக்கும் ஒரு சொல்கூட மாறாமல் அதே பதில். அமைச்சகத்திலிருந்து வந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த முறை சர்ஜரிக்கு நேரில் போக முடிவு செய்தோம். நம் ஊரில் மனு கொடுக்கும் நாள் மாதிரி, எம்.பி. தொகுதி மக்களைச் சந்திக்கும் நேரம் அது. பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. முந்தின இரவு மனைவியும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினோம். நான் எவ்வளவோ சொல்லியும், கோபம் தெரியும் வாக்கியங்களை எல்லாம் அவள்தான் அடித்தாள்.

இடது பக்கம்: கடன் மொத்தம் 1,05,000 பவுண்டு. வருடத்துக்குச் சுமார் 30,000. அந்தந்த வருடத்திலேயே சம்பளமாகக் கணக்கிட்டிருந்தால், தேசியக் காப்பீட்டைத் தள்ளிவைத்துப் பார்க்க, எல்லாம் 20 சதவீத வரிப் படிக்குள்ளேயே அடங்கியிருக்கும். வரி 21,000.

வலது பக்கம்: 2018-19-ல் என் சம்பளம் 58,000. அதன் தலையில் 1,05,000-ஐ ஏற்றினால் 1,63,000. ஒரு லட்சத்தைத் தாண்டியதும் வரியில்லாத் தொகையான 11,850 கரைய ஆரம்பித்து இல்லாமலே போகும். பெரும்பகுதிக்கு 40, ஒன்றரை லட்சத்துக்கு மேல் 45 சதவீதம். கூடுதல் வரி 47,390.

எம்.பி. அந்தத் தாளைக் கையில் வாங்கி, வலது பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு, "இது எப்படி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் போயிருந்தோம். முன்தேதியிட்டதா இல்லையா என்று வாதாடியிருந்தால் பத்து நிமிடமும் அதிலேயே போயிருக்கும். அமைச்சருக்கு நேரடியாக எழுதுகிறேன் என்றார், எழுதவும் செய்தார்.

அந்தத் தாளின் காலி வடிவத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அதில்தான் கஷ்டம். ஒரு தம்பி இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். "அண்ணா, என் பேர் வெளிய வந்தா பி.ஆர். போயிடும்ணா. வீட்டுல கூட இன்னும் சொல்லல." அவன் பயம் வெறும் பயம் இல்லை. வரிக் கணக்கில் திருத்தம் செய்தவர்களுக்கு குடியேற்ற விதிகளில் 322(5)-ஐக் காட்டி நிரந்தர வசிப்புரிமையை மறுத்துக்கொண்டிருந்த நேரம் அது. எம்.பி.க்கு எழுத வாக்குரிமை வேண்டியதில்லை, தொகுதியில் குடியிருந்தால் போதும், முழு முகவரியும் போஸ்ட்கோடும் போட்டால்தான் எடுத்துப் பார்ப்பார்கள் என்று சொன்னேன். அவன் எழுதவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை அவனைக் கூப்பிட்டுப் பேசுவதை விடவில்லை. இந்த வரியால் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். பிரச்சாரம் என்று நான் செய்ததில் பாதி இந்தத் தொலைபேசிப் பேச்சுதான்.

2018 டிசம்பரில் பிரபுக்கள் சபையின் பொருளாதாரக் குழு எங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. கெடு முடிந்து மூடிப்போன ஆண்டுகளை விட்டுவிடச் சொன்னது. 2019 ஜனவரி 8 அன்று எட் டேவி என்ற எம்.பி. நிதி மசோதாவில் கொண்டுவந்த திருத்தத்தை அரசு வாக்கெடுப்பில்லாமலே ஏற்று, லோன் சார்ஜை ஆராய்ந்து அறிக்கை தர ஒப்புக்கொண்டது. தொலைக்காட்சி முன்னால் மனைவி அழுதாள். மார்ச்சில் அறிக்கை வந்தது; எதுவும் மாறவில்லை.

ஏப்ரல் 4 அன்று கீழ்சபையில் விவாதம். லீவு போட்டுவிட்டுப் போனேன். நாடாளுமன்றத்தின் எண்கோண மண்டபத்தில் பச்சை அட்டையில் பெயரெழுதிக் கொடுத்தால், உள்ளே இருக்கும் நம் எம்.பி.க்குச் சொல்லி அனுப்புவார்கள். எனக்கு முன்னால் நின்றவர் அறுபதைத் தாண்டியவர். அட்டையில் "எதற்காகப் பார்க்க வேண்டும்" என்ற இடத்தில் "வீடு" என்று ஒரே சொல் எழுதியிருந்தார். மறுநாள் வரி அமலுக்கு வந்துவிட்டது.

அந்தச் செப்டம்பரில்தான், முன்பு நாட்டின் தலைமைத் தணிக்கையாளராக இருந்த சர் அமியாஸ் மோர்ஸ் தலைமையில் ஆய்வு அறிவித்தார்கள். அவருக்கும் அதே தாளை, பே-ஸ்லிப் நகல்களோடு அனுப்பினேன். டிசம்பர் 20 அன்று அறிக்கை வந்தது. 2010 டிசம்பர் 9-க்கு முந்தைய கடன்கள் லோன் சார்ஜில் சேராது; மீதியை மூன்று வரி ஆண்டுகளுக்குப் பிரித்துக் காட்டலாம். அரசு இரண்டையும் ஏற்றது. அந்தத் தேதி என் கடன்களை நடுவில் வெட்டியது. சுமார் 40,000 மட்டும் மிஞ்சியது, வரி 16,000. தவணையில் கட்டி முடித்தேன். என் வருத்தமெல்லாம் அந்தக் கோடு ஏன் அங்கே நிற்க வேண்டும் என்பதுதான். டிசம்பர் 8-ஆம் தேதி கையெழுத்துப் போட்டவனும் 10-ஆம் தேதி போட்டவனும் ஒரே காகிதத்தை நம்பித்தான் போட்டார்கள்.

பே-ஸ்லிப், வங்கி அறிக்கை, அந்தக் காலத்து வரிக் கணக்கு நகல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். என் ஒரு ஆண்டுக் கணக்கு கிடைக்காமல் ஐந்து மாதம் அலைந்தேன்.

அந்தத் தம்பியின் கடன்கள் முழுக்க 2011-க்குப் பிறகானவை. மோர்ஸ் அறிக்கையில் அவனுக்குப் பிரித்துக் காட்டும் சலுகையைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் ரே மெக்கேன் என்ற வரி நிபுணர் தலைமையில் இன்னொரு ஆய்வு தொடங்கியபோது அவனே கூப்பிட்டான். "அண்ணா, அந்தத் தாளை அனுப்புங்க, இந்தத் தடவை நானே என் பேர் போட்டு எழுதறேன்." சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். மேசையில் பழைய பே-ஸ்லிப்களை ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தான். அவன் மனைவி கால்குலேட்டரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.