1850-க்கு முன்னால் பெயர்கள் கிடையாது

என் கணவர் ஓஹையோக்காரர். மாமனாருக்குத் தன் தாத்தாவுக்கு மேலே யார் என்று தெரியாது. "நீதான் எதையும் துருவுவாயே, பார்த்துச் சொல்லேன்" என்றார். சரி என்று அமெரிக்க சென்சஸ் பதிவேடுகளில் இறங்கினேன்.

1950-லிருந்து 1850 வரை பின்னோக்கிப் போவது பெரிய வேலையில்லை. ஃபேமிலிசர்ச் தளத்தில் பக்கங்களின் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். 1890 பதிவேடு 1921 தீவிபத்தில் பாழாகிவிட்டதால் அங்கே ஒரு தாண்டு தாண்ட வேண்டும், அவ்வளவுதான். எங்களுடையது வெள்ளையர் குடும்பம் என்பதால் கிடைத்த வசதி இது. அடிமைகளாக இருந்தவர்களை 1850, 1860-ல் உடைமைக்காரர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டுமே எழுதினார்கள். அவர்களின் வாரிசுகள் 1870-லேயே முட்டி நிற்கிறார்கள்.

1850-ல் எங்கள் ஆள், அதாவது அந்த வழியில் அகப்பட்ட மூதாதை, ஓஹையோவின் ஃபேர்ஃபீல்டு கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருந்தார். வயது 62, பிறந்தது பென்சில்வேனியா. அதற்கு முந்தைய பதிவேடுகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. அதனால் கணக்குப் போட்டுத்தான் தேட முடியும்: 1840-ல் அவர் 50–60 கட்டத்தில் இருக்க வேண்டும், 1830-ல் 40–50, 1820-ல் 26–45. பெயரைத் தட்டித் தேடினால் பாதி அகப்படாது. ஷ்னைடர் என்ற ஜெர்மன் பெயர் ஒரு வருடம் ஸ்னைடர், இன்னொரு வருடம் அர்த்தத்தை (தையல்காரர்) ஆங்கிலமாக்கி டெய்லர்கூட. எழுத வந்தவர் காதில் விழுந்ததும் மனதில் பட்டதும்தான் எழுத்து. கவுன்ட்டியின் எல்லாப் பக்கங்களையும் வரிவரியாகப் படிப்பதுதான் ஒரே வழி. அலுப்புதான், ஆனால் அப்படிப் படித்தால்தான் அக்கம்பக்கம் கண்ணில் படும்.

பட்டது. 1820-ல் அவருக்கு அடுத்த வரியிலேயே அதே குடும்பப் பெயரில் 45-க்கு மேற்பட்ட ஒருவர். 1830-ல் அந்தப் பெரியவரைக் காணோம். நம்மாள் வீட்டில் புதிதாக 70–80 கட்டத்தில் ஒரு பெண். அப்பா போய்ச் சேர்ந்து அம்மா மகனோடு வந்துவிட்டார் போலிருக்கிறது! பெரியவர் வீட்டில் இரண்டு இளவட்டங்கள் இருப்பதுபோல் தெரிந்தாலும் அது ஒரே பையனாக இருக்கலாம். 1820 படிவத்தில் 16–18 வயதுப் பையனை 16–26 கட்டத்திலும் சேர்த்தே எண்ணினார்கள்.

இதெல்லாம் ஊகம்தான். இணையத்தில் கிடைக்கும் வம்சமரங்களில் பாதி இந்த இடத்திலேயே "அப்பா" என்று எழுதி முடித்துவிடுகின்றன. கவுன்ட்டி நீதிமன்றப் பதிவுகளில் பெரியவரின் உயில் கிடைத்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. மனைவிக்கு வீட்டில் இடம், நிலம் இரண்டு மகன்களுக்கு, மூத்தவர் நம்மாள். இளையவர் அந்த ஒரே பையன்.

ஓஹையோவின் 1810 பதிவேடு வாஷிங்டன் கவுன்ட்டி தவிர மீதி தொலைந்துவிட்டது. ஆகவே ஒரே தாவலில் பென்சில்வேனியா. ஃபேர்ஃபீல்டின் தலைநகரான லங்காஸ்டருக்கே பென்சில்வேனியா லங்காஸ்டரின் பெயர்தான், அதனால் அங்கே தேடினேன். நாட்டின் முதல் சென்சஸான 1790-ல் ஐந்தே கட்டங்கள்: 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வெள்ளை ஆண்கள், அதற்குக் கீழே உள்ளவர்கள், வெள்ளைப் பெண்கள், மற்ற சுதந்திர மனிதர்கள், அடிமைகள். பெண்களுக்கு வயதே கேட்கவில்லை. பெரியவர் பெயரில் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். எல்லா வீட்டிலும் சின்னப் பையன்கள். இவர்களில் யார் என்று சென்சஸ் சொல்லாது. லூத்தரன் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்திருக்கிறேன்.