0421 எப்படி 273 ஆச்சு: ஸ்ப்ரிங் பூட் கான்ஃபிக்ல மூணு நாள்

திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு டிசி (சரக்கு கூட போற டெலிவரி சலான்), பில்லு, ஸ்டாக் பாக்கற சாஃப்ட்வேர் எழுதறதுதானுங்க நம்ம வேலை. ஜாவா, அதுல அப்ளிகேஷன் எழுத உதவற ஸ்ப்ரிங் பூட் 3, கம்பெனிக்கு ஒரு லினக்ஸ் சர்வர். போன மாசம் ஒரு புதன்கெழம ராத்திரி ஒரு கஸ்டமர் போன் பண்ணுனாரு. "தம்பி, டிசில நம்ம ஆபீஸ் நம்பர் தப்பா வருதுங், டெம்போக்காரன் ஈரோட்டுல சாயப்பட்டறை வாசல்ல நின்னுட்டு ஒரு மணி நேரமா அந்த நம்பருக்கே அடிச்சுட்டு இருந்திருக்கான், சித்த என்னன்னு பாருங்"ன்னாரு. வாட்ஸப்ல போட்டோவும் வந்துச்சு. 0421ன்னு இருக்க வேண்டிய எடத்துல 273ன்னு இருக்குது. பின்னாடி வர்ற நம்பர் அப்படியே சரியா இருக்குது, எஸ்டிடி கோடு மட்டும்தான் மாறியிருக்குது.

அந்த வாரம்தான் நான் ஒரு வேலை பண்ணியிருந்தேன். அவங்களுக்கு திருப்பூர், ஈரோடு, கோபி, தாராபுரம்னு நாலு யூனிட். ஒவ்வொரு யூனிட்டுக்கும் பேரு, அட்ரஸ், எஸ்டிடி கோடு, போன் நம்பர்னு எல்லாம் செட்டிங் எழுதி வைக்கற அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல யூனிட்ஸ்[0], யூனிட்ஸ்[1]ன்னு நீளமா கெடந்துச்சு, படிக்கவே முடியாது, அதை அழகா யமல்ங்கற இன்னொரு வடிவத்து ஃபைலா மாத்துனேன். மாத்துனதுல ஒரு எழுத்துகூட தப்பில்லைன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டுத்தான் போட்டேன், அதனால அது மேல சந்தேகமே வரல. பிரிண்ட் டெம்ப்ளேட்டை பாத்தேன், டேட்டாபேஸை பாத்தேன், மொத நாள் அதுலயே போச்சு.

வழி காட்டுனது அங்க டிசி எழுதற அக்காதானுங்க. எல்லா யூனிட் டிசியும் ஃபைல் பண்ண அவங்க மேஜைக்குத்தான் வரும். மறுநாள் காலைல நான் நேர்ல போய் உக்காந்தப்ப ஒரு கட்டு டிசியை எடுத்து வச்சு, "ஏனுங் தம்பி, கோபியும் தாராபுரமும் சரியாத்தானுங்க வருது, நம்மளுதும் ஈரோடும்தான் தப்பு"ன்னாங்க. பாத்தா நெசந்தான். கோபி 04285, தாராபுரம் 04258, ரெண்டும் சுத்தமா இருக்குது. ஈரோடு 0424 மட்டும் 276 ஆயிருக்குது. சரியா வர்ற ரெண்டுலயும் 8 இருக்குது, தப்பா வர்றதுல 8ம் இல்ல 9ம் இல்ல. அதை பாத்த ஒடனே பளிச்சுன்னு ஆயிருச்சு, ஆக்டல், அதாவது எட்டடிமானம்!

விசயம் என்னன்னா, ஸ்ப்ரிங் பூட் யமலை படிக்கறதுக்கு ஸ்னேக்யமல்னு ஒரு லைப்ரரி வச்சிருக்குது, அது யமல் 1.1 விதிப்படி நடக்கும். அந்த விதில கொட்டேஷன் குறி போடாம 0ல ஆரம்பிச்சு 0ல இருந்து 7 வரைக்கும் உள்ள இலக்கம் மட்டும் வந்துச்சுன்னா அது எட்டடிமான எண். 4 × 64, 2 × 8, 1, கூட்டுனா 273. நடுவுல 8 வந்துட்டா எட்டடிமானமா இருக்க முடியாது, சரி இது வெறும் எழுத்துன்னு விட்டுரும், அதனாலதான் கோபி தப்பிச்சுது. ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல இந்த தொந்தரவே கெடையாது, அங்க எல்லாமே எழுத்துதான். 2009ல வந்த யமல் 1.2ல ஆக்டல்னா 0க்கு அப்புறம் ஓ எழுத்து போடணும்னு மாத்திட்டாங்க, ஆனா நம்ம கைல இருக்கறது 1.1தான்.

நாலு கோடுக்கும் கொட்டேஷன் போட்டு, ஜார் (அப்ளிகேஷன் முழுசையும் ஒண்ணா கட்டுன ஃபைல்) பில்ட் பண்ணி, சர்வர்ல ஏத்தி ரீஸ்டார்ட் குடுத்தேன். மறுபடியும் 273.

இங்கதானுங்க நெசமான பாடு. ஜார் மாறலையோன்னு பாத்தா மாறியிருக்குது, அதே யமல்ல நான் இப்ப புதுசா சேத்த லாக் செட்டிங் வேலை செய்யுது, இது மட்டும் பழசாவே வருது. சர்வீஸை நிறுத்திட்டு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எக்ஸ்போர்ட் பண்ணி, என்ற ஹோம் ஃபோல்டர்ல இருந்து கைல ஜாவா கமாண்ட் குடுத்து ஓட்டுனா 0421 சரியா வருது. லினக்ஸ்ல சர்வீஸையெல்லாம் ஓட்டற சிஸ்டம்டி வழியா ஓட்டுனா 273. ஒரே ஜார், ஒரே சர்வர், ஒரே ஜாவா. ப்ரொஃபைல் ஏதாச்சும் ஆக்டிவா இருக்குதோ, என்விரான்மென்ட் வேரியபிள் எங்கியாச்சும் வருதோன்னு சிஸ்டம்டியோட சர்வீஸ் ஃபைலை வரி வரியா படிச்சேன், ஜாவா வெர்ஷனை ரெண்டு தடவை பாத்தேன், ஒரு கட்டத்துல ஒண்ணுமில்லாம ரீஸ்டார்ட் மேல ரீஸ்டார்ட் குடுத்துட்டு இருந்தேன், அதுக்குள்ள ரெண்டாவது நாளும் இருட்டிருச்சு.

வெள்ளிக்கெழம காலைல யூகிக்கறதை விட்டுட்டு அப்ளிகேஷன்கிட்டயே கேட்டறலாம்னு, ஓடற அப்ளிகேஷனோட உள்நெலமையை காட்டற ஸ்ப்ரிங் பூட் ஆக்சுவேட்டரை சேத்தேன். அதுல என்வ்னு ஒரு எண்ட்பாயிண்ட் இருக்குது, வெளிய தானா தெரியாது, நாமதான் எக்ஸ்போஷர்ல சேக்கணும். மேனேஜ்மென்ட் போர்ட்டை தனியா 8081ன்னு வச்சு, அட்ரஸை 127.0.0.1ன்னு, அந்த சர்வருக்குள்ள இருந்து மட்டும் எட்டற மாதிரி கட்டிப்போட்டேன், கஸ்டமர் சர்வர்ல இதை ஊருக்கெல்லாம் தெறந்து வைக்க முடியாதுங்களே. எஸ்எஸ்ஹெச்ல உள்ள போய் கர்ல் அடிச்சு பாத்தேன். ஸ்ப்ரிங் பூட் 3ல வேல்யூ எல்லாம் நட்சத்திரம் போட்டு மறைச்சுத்தான் வரும், ஆனா பக்கத்துல ஆரிஜின்னு ஒண்ணு வருது, எந்த ஃபைல், எத்தனாவது வரிங்கறது மறையறதில்ல. எனக்கு வேண்டியதும் அதுதான். யூனிட்ஸ்[0], அதாவது திருப்பூர் எஸ்டிடிக்கு ஆரிஜின் ஜாருக்குள்ள இருக்கற ஃபைல் இல்லீங்க, கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள இருக்கற இன்னொரு யமல்.

அந்த ஃபைலை அங்க வச்சது நான்தான். ப்ராப்பர்ட்டீஸை யமலா மாத்துன அன்னிக்கு, ஜார் பண்றதுக்கு முன்னாடி ஒழுங்கா ஏறுதான்னு பாக்கறதுக்காக ஜாருக்கு பக்கத்துல கான்ஃபிக் ஃபோல்டர்ல ஒரு காப்பி போட்டு பாத்தேன், அதை எடுக்கல. ஸ்ப்ரிங் பூட் ஜாருக்கு வெளிய இருக்கற ஃபைலுக்குத்தான் உள்ள இருக்கறதை விட மரியாதை அதிகம் குடுக்கும், வெளியயும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள இருக்கறது அதுக்கு மேல. அந்த கான்ஃபிக் ஃபோல்டரை அது ஜார் இருக்கற எடத்துல தேடறதில்ல, நாம எந்த ஃபோல்டர்ல நின்னு ஓட்டறமோ அங்க தேடும். சர்வீஸோட வொர்க்கிங் டைரக்டரி ஜார் இருக்கற ஃபோல்டர், அதனால பழைய ஃபைல் மாட்டுச்சு. நான் கைல ஓட்டுனது என்ற ஹோம்ல இருந்து, அங்க கான்ஃபிக் ஃபோல்டரே இல்ல.

லாக் செட்டிங் புதுசாவும் யூனிட் பழசாவும் வந்ததுக்கும் காரணம் இருக்குது. சாதாரண கீ எல்லாம் தனித்தனியா பாத்து எடுத்துக்கும், வெளிய இல்லாதது உள்ள இருந்து வரும். லிஸ்ட்டை மட்டும் பிரிச்சு சேக்காது, மேல இருக்கற ஃபைல்ல லிஸ்ட் இருந்தா மொத்தமா அதுதான். இது தெரிஞ்சிருந்தா வியாழக்கெழமையே முடிச்சிருப்பேன்.

ஃபைலை எடுத்தேன், சரியாயிருச்சு. அப்புறம் மத்த யமலையும் சலிச்சு பாத்தேன், இதே மாதிரி வேற குழியும் இருக்குது. ஷிஃப்ட் டைம் 8:30ன்னு கொட்டேஷன் இல்லாம எழுதுனா 510 ஆயிரும், அறுபதடிமானம்னு எடுத்துக்கும், 08:30ன்னா விட்டுரும். நார்வே பையருக்கு கன்ட்ரி கோடு என்ஓன்னு வெறுமனே போட்டா, "நோ"ன்னு படிச்சுட்டு ஃபால்ஸ் ஆயிரும். எக்ஸ்போர்ட் பண்ற ஊர்ல இது சின்ன விசயமில்லீங்க. எஸ்டிடி கோடு 0ல ஆரம்பிக்கலைன்னா அப்ளிகேஷனே ஸ்டார்ட் ஆகக்கூடாதுன்னு கான்ஃபிக்யுரேஷன் கிளாஸ்ல வேலிடேஷனும் பேட்டர்னும் போட்டுட்டேன், டெம்போக்காரர் ராத்திரில ரோட்டுல நிக்கறதுக்கு ஆபீஸ்ல நாம ஸ்டார்ட் ஆகாம நிக்கறது எவ்வளவோ மேல்.

சாயங்காலம் அக்கா ஈரோட்டு டிசி ஒண்ணை போட்டோ புடிச்சு அனுப்பிச்சாங்க, 0424ன்னு இருந்துச்சு. பின்னாடியே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "கோபிக்கும் ஒண்ணு எடுத்து பாத்துட்டேனுங் தம்பி, அது கெட்டுப்போகல."