அம்மா கட்டிலைத் திருப்பிப் போட்டாள்

போன மார்ச்சில் ஒரு நாள் காலை எழுந்ததும் கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் கடிகாரத்தைப் பார்த்தால், ராத்திரி தூங்கியதற்கு 100க்கு 47 மதிப்பெண் போட்டிருந்தது. கணக்குப் பரீட்சையில்கூட நான் அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை. மூன்று மாதமாக இதே கதைதான். பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு வரை புரண்டு புரண்டு படுப்பேன், எப்படியோ கண் அசரும், மூன்று மணிக்கு டக்கென்று முழிப்பு வந்துவிடும், அப்புறம் பால்காரர் மணி அடிக்கும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சமிருக்கிறது என்று கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டு கிடப்பேன். அதற்குப் பிறகுதான் மறுபடி கொஞ்சம் கண் அசரும்.

அந்தச் சமயம் பார்த்து அம்மா ஊரிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டு, “வடக்கால தலையை வச்சுப் படுத்தா எங்கடா தூக்கம் வரும்?” என்றாள்.

எங்கள் அறை பத்துக்குப் பத்து. பீரோ ஒரு பக்கம், ஏசி ஒரு பக்கம், கட்டில் வேறு எப்படிப் போட்டாலும் ஏதாவது ஒரு கதவு இடிக்கும். இதைச் சொன்னால் அம்மா கேட்பாளா? “உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு” என்று ஒப்பித்தாள். வடக்கே தலை வைத்துத் தூங்கின யானையின் தலையைத்தானே வெட்டி எடுத்துவந்து பிள்ளையாருக்கு வைத்தார்கள் என்ற கதையும் வந்தது. எனக்கு உடனே ஸ்ரீரங்கம் ஞாபகம் வந்தது. அங்கே பெருமாள் மேற்கே தலை வைத்து, கிழக்கே கால் நீட்டி, தெற்கே இலங்கையைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அந்தக் கணக்குப்படி ரங்கநாதருக்கே மத்திமம்தானே என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. பெருமாளுக்குப் பரிந்து பேசுவதா, பழமொழிக்குப் பரிந்து பேசுவதா என்று அவளுக்கே குழப்பம்.

பழமொழியைக்கூட விட்டுவிடலாம், வாட்ஸ்ஆப்பில் அதற்கு வரும் “விஞ்ஞான விளக்கம்” இருக்கிறதே, அதுதான் எனக்கு எரிச்சல். ரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம், வட துருவம் அதை இழுக்கிறதாம், மூளைக்கு ரத்தம் ஏறி நரம்பு வெடிக்குமாம். ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணி மாதிரி காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்கிற இரும்பு அல்ல. நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா (ஒரு டெஸ்லாவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோடெஸ்லா). முதுகுவலிக்காக நான் ஒரு முறை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தபோது படுத்திருந்த குழாயில் 1.5 டெஸ்லா, அதாவது 30,000 மடங்குக்கும் மேல். இருபது நிமிஷம் உள்ளே கிடந்தேன். சத்தம்தான் தாங்க முடியவில்லை, ரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அமுக்குவான் பேய் வேறு விஷயம். அது எனக்கே வந்திருக்கிறது. கல்லூரி விடுதியில், பரீட்சைக்கு இரண்டு ராத்திரி கண்விழித்துவிட்டு மல்லாந்து படுத்த நாள். முழிப்பு வந்துவிட்டது, அறை தெரிகிறது, பக்கத்துக் கட்டிலில் நண்பனின் குறட்டை கேட்கிறது, ஆனால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை, நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இதை அனுபவித்த யாரிடமும் பேய் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். நாம் கனவு காணும் கட்டத்தில், கனவில் ஓடுவதை நிஜத்திலும் ஓடிவிடாதபடி மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கிறது. சில நேரம் கட்டு அவிழும் முன்னாலேயே நாம் முழித்துவிடுகிறோம், கனவும் பாதி ஓடிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. ஜப்பானில் இதற்குப் பெயர் கனாஷிபாரி, உலோகத்தால் கட்டிப்போட்ட மாதிரி என்று அர்த்தம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருவதாகச் சொல்வார்கள். என் பாட்டி தலையணைக்கு அடியில் பாக்குவெட்டி வைத்துக்கொண்டு தூங்குவாள், இரும்பு இருந்தால் பேய் அண்டாதாம். தூக்கம் கெட்டு, மல்லாந்து படுத்தால்தான் இது அதிகம் வரும் என்பதால் ஒருக்களித்துப் படுத்தாலே குறையலாம். ஆனால் பாக்குவெட்டியில் இருக்கும் நிம்மதி ஒருக்களித்துப் படுப்பதில் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

புளியமரத்தடியில் தூங்கக்கூடாது, ராத்திரி மரம் விடும் கரியமில வாயு ஆளைக் கொன்றுவிடும் என்பதும் இந்த ரகம்தான். மரமும் மூச்சு விடத்தான் செய்கிறது, ஆனால் திறந்த வெளியில் காற்றடிக்கும் இடத்தில் அது ஆளைக் கொல்லும் என்றால், மூடிய அறையில் நாலு பேர் பாய் விரித்துத் தூங்குகிற வீடுகளில் விடியும்போது ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது.

கொரியாக்காரர்களுக்கு இன்னொன்று. ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கினால் செத்துப்போவார்கள் என்று அங்கே ரொம்ப காலமாக நம்பினார்கள். அதனாலேயே டைமர் வைத்த மின்விசிறிகளை விரும்பி வாங்குவார்களாம். நம்மூரில் இது பரவாமல் போனது நல்லது. இது உண்மையாக இருந்தால் ஒரு மே மாதத்தில் தமிழ்நாடே காலியாகியிருக்கும்.

அம்மா சொன்னதில் ஒன்று மட்டும் உறைத்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்கினால் மூதேவி வருவாள் என்பது. ஆபீஸிலிருந்து வந்ததும் ஆறரை மணிக்குச் சோபாவில் சாய்ந்து முக்கால் மணி நேரம் கண்ணயர்வது என் வழக்கம். முழித்திருக்கும் நேரமெல்லாம் தூக்கத்துக்கான பசி உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போகும், அந்தியில் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் சாப்பாட்டுக்கு முன்னால் பஜ்ஜி தின்ற கதைதான். போதாக்குறைக்கு எழுந்ததும் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கு உள்ளே போன காபியில் பாதி நள்ளிரவிலும் எனக்குத் துணைக்கு முழித்திருந்திருக்கிறது. இதில் மூதேவி மேல் பழி போடுவது பாவம்.

(கும்பகர்ணன் நித்தியத்துவம் கேட்கப் போய், நாக்குக் குளறி நித்திரைத்துவம் கேட்டான் என்று சின்ன வயதில் கதை கேட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த மூன்று மாதத்தில் அவன் மேல் பொறாமைதான் வந்தது.)

கடைசியில் ஒரு மருத்துவரிடம் போனேன். மாத்திரை தருவார் என்று பார்த்தால், முதலில் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். அது கையின் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறதே தவிர, உங்கள் மூளையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது என்றார். உண்மைதான், ஒரு முறை தியேட்டரில் அசையாமல் படம் பார்த்த ஒரு மணி நேரத்தைத் தூக்கம் என்று வரவு வைத்திருந்தது. அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் நான் தினமும் காலையில் “இன்னைக்கு நாள் போச்சு” என்று முடிவு செய்துகொண்டிருந்தேன். மதிப்பெண் எடுப்பதற்காகவே தூக்கத்தைத் துரத்தித் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் 2017இல் இதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள். பாட்டி பாக்குவெட்டி வைத்துக்கொண்டாவது தூங்கினாள். நான் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய தாயத்தைக் கட்டிக்கொண்டு முழித்துக்கிடந்தேன்.

இரண்டாவதாக அவர் சொன்னதைக் கேட்டு, இவர் நிஜமாகவே டாக்டர்தானா என்று தோன்றியது. படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார். நான் ஒன்பது மணி நேரம் படுத்துக்கிடந்து ஐந்தரை மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தேன். இனிமேல் பன்னிரண்டரைக்குத்தான் படுக்க வேண்டும், தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஆறு மணிக்கு எழுந்தே ஆக வேண்டும், ஞாயிறு உட்பட. நடுவில் முழிப்பு வந்து தூக்கம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து ஹாலுக்குப் போய்விட வேண்டும், கண் சொருகும்போதுதான் கட்டிலுக்குத் திரும்பலாம். கொஞ்ச நாள் பகலில் தள்ளாடும், வண்டி ஓட்டாதீர்கள் என்றும் எச்சரித்தார். முதல் வாரம் நரகம். பதினொரு மணிக்கு மேல் தூங்காமல் இருக்க, நின்றுகொண்டே துணி மடித்தேன். வீட்டில் அந்த வாரம் மாதிரி அலமாரி என்றைக்கும் நேராக இருந்ததில்லை.

இரண்டாவது வாரம் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், அம்மாவும் என் மனைவியும் சேர்ந்து கட்டிலைக் கிழக்குப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம்தான். ஆனால் ஒன்று கவனித்தேன். அந்தச் சுவரில் பிளக் பாயிண்ட் கிடையாது. சார்ஜர் வயரும் எட்டவில்லை. அன்றிலிருந்து போன் ஹாலில்தான் தூங்குகிறது, மூன்று மணிக்கு முழிப்பு வந்தாலும் மணி என்ன என்று பார்க்க வழியில்லை, கழித்தல் கணக்கும் நின்றுபோனது.

மூன்றாவது வாரம் படுத்தது ஞாபகம் இருக்கிறது, அலாரம் அடித்தது ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. இப்போது படுக்கும் நேரத்தைக் கால் கால் மணி நேரமாக முன்னால் கொண்டுவந்து பதினொன்றேகாலில் நிற்கிறேன். அந்தித் தூக்கம் கிடையாது, நாலு மணிக்கு மேல் காபி கிடையாது.

அம்மா ஊருக்குப் போன பிறகு சித்தியிடம் போனில், “கட்டிலைக் கிழக்கால திருப்பிப் போட்டேன், அன்னையிலேர்ந்து புள்ள நல்லா தூங்குறான்” என்று சொன்னாளாம். டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் திருத்தப் போகவில்லை. பீரோ கதவுதான் இப்போது பாதிக்கு மேல் திறப்பதில்லை.