தாத்தா கல்லறையில தப்பு வருஷம்

அக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிச்சு அப்பாவோட காசிமேடு கல்லறைக்குப் போனேன், கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி புல்லு புடுங்கணும்ல. போன வருஷம் அத்தையை தாத்தா குழியிலயேதான் வெச்சோம், இங்க புது இடம் எங்க கிடைக்குது, அப்பவே பழைய சிமெண்ட் பலகையை எடுத்துட்டு ரெண்டு பேரு பேரையும் சேர்த்து கருப்பு கிரானைட் போட்டோம். இன்னிக்கு அப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு வரி வரியா படிச்சாரு. தாத்தா தோற்றம் 1938. கீழயே அத்தை தோற்றம் 1952. பதினாலு வயசுலயா புள்ள பெத்தாரு? அத்தை பேருல ஆரோக்கியத்துக்கு 'க்' வேற இல்ல. "எங்கக்கா பேர கூட முழுசா போடலியேடா"ன்னு சொல்லிட்டு அங்கயே உக்காந்துட்டாரு. வீட்டுக்கு வந்தும் சாப்புடல.

அக்டோபர் 8

கல்லு கடைக்காரரு 'க்' விட்டது எங்க தப்புதான்னு ஒத்துக்கிட்டாரு. வருஷம் மட்டும் பழைய பலகையில இருந்ததைத்தான் வெட்டுனேன்னாரு. பலகை இன்னும் மதில் ஓரமா சாய்ச்சுதான் கிடக்கு, போய் பார்த்தா நெஜமாவே 1938. ஆனா அந்த எட்டு கொஞ்சம் வீங்குன மாதிரி இருந்துச்சு, வெள்ளைத்தாளை மேல வெச்சு பென்சிலை படுக்கப் போட்டு தேய்ச்சேன். வலது பக்கம் பள்ளம் சுத்தமா விழுந்துச்சு, இடது பக்கம் ஒண்ணுமே இல்ல, வெறும் பெயிண்ட். அது மூணு! கடல் காத்துக்கு பெயிண்ட் உரிய உரிய வருஷா வருஷம் திருநாளுக்கு வர்ற பெயிண்டர் பசங்க எழுத்து மேலயே பூசுவாங்க, பூசிப் பூசி மூணு எட்டாயிடுச்சு.

அக்டோபர் 13

கோயில் ஆபீஸ்ல ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துக் காட்டுனாங்க. பொறந்த தேதி, ஞானஸ்நானம் குடுத்த தேதி, ஞானத்தகப்பன் பேரு எல்லாம் இருக்கு. 1933. அப்பா அந்த வரி மேல வெரலை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் எடுக்கல.

அக்டோபர் 16

கிரானைட்ல இல்லாததை சேர்க்கலாம், வெட்டுனதை அழிக்கிறதுதான் கஷ்டம். கல்லுப்பொடி கலந்து எபாக்ஸி பசையால அடைக்கலாம்னாரு கல்லு கடைக்காரரு, ஆனா வெயில்ல திட்டா தனியா தெரியுமாம், அத்தை பேருல 'க்' நுழைக்க இடமும் இல்ல, எழுத்து அவ்ளோ நெருக்கம். முகத்தை முழுசா இழைக்கலாம், இல்லன்னா கல்லைத் திருப்பிப் போட்டு பின்பக்கம் பாலிஷ் போட்டு புதுசா வெட்டலாம். திருப்பிடுங்கன்னுட்டோம். செலவுல பாதி அவரு ஏத்துக்கிட்டாரு, நியாயமான மனுஷன்.

அக்டோபர் 24

மழை, வேலை நிக்குது. நல்லதுக்குதான், கல்லுல வெட்டப் போறதை அதே சைஸ்ல பிரிண்ட் எடுத்து தரையில விரிச்சு அப்பாவும் சித்தப்பாவும் எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. மறைவு தேதியில மாசம் மாறியிருக்கறதை சித்தப்பாதான் கண்டுபிடிச்சாரு. யாரு கல்லு போட்டாலும் இதைப் பண்ணாம வெட்ட விடாதீங்க, வாய்ல சொல்றது, வாட்ஸ்அப்ல அனுப்புறது எதுவும் பத்தாது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லு நேத்துதான் வந்துச்சு. 1933, 'க்', மாசம், மூணும் சரி. பூ, மெழுகுவத்தி எல்லாம் வெச்சாச்சு. பெயிண்டர் தம்பி தங்கக் கலர் டப்பாவோட வந்து நின்னான். சிலுவைக்கு மட்டும் அடிப்பா, நம்பர் பக்கம் பிரஷ்ஷே போகக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு. சரிங்கய்யான்னான். அடிச்சு முடிக்கிற வரைக்கும் அப்பா பக்கத்துலயே நின்னாரு.